மண்டபக் கதவால் போகாத கப்பல்

என்னுடைய கல்யாணம் ஒரு கப்பலில் நடந்தது. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நான் பெற்ற மகளே, "அம்மா, சும்மா புளுகாதேங்கோ" என்கிறாள். உடனே கல்யாணப் பட அல்பத்தை எடுத்து அவளுடைய மூக்குக்கு நேரே நீட்டுவேன். கூறைச் சேலையில் நான் இருப்பேன், பட்டு வேட்டி சால்வையில் அவர் இருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் கருஞ்சிவப்பாக ஒரு பாய்மரம் நிற்கும். பக்கத்தில் மூன்று மூலைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கையில் மண் வாளியோடு நிற்பார்.

கடல் அங்கிருந்து எத்தனையோ மைல். மெல்பேர்னில் கிளேட்டனுக்குப் பக்கத்தில், ஒரு பொது மண்டபத்துக்குள் நின்ற கப்பல் அது. எப்படி உள்ளே வந்தது என்று கேட்பீர்கள். அது உள்ளே வரவில்லை, உள்ளேயே பிறந்தது. வெளியே போக முடியாததுதான் பிரச்சினை.

எழுபதுகளின் நடுப்பகுதியில், கல்யாணத்துக்கென்றே விசா எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். மாப்பிள்ளை கிளேட்டனில் இருந்த பல்கலைக்கழகத்தில் மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தார். மண்ணை ஆராய அவ்வளவு தூரம் போக வேண்டுமா, எங்கள் செம்பாட்டு மண்ணுக்கு என்ன குறை என்று அப்பா கேட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, ஒரு வடையைக் கையில் எடுத்துவிட்டு, அதைக் கடிக்கவும் தெரியாமல் தட்டில் திருப்பி வைக்கவும் தெரியாமல் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆள்தான் என்று அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன்.

மெல்பேர்னில் அண்ணா வீட்டில் தங்கினேன். மாப்பிள்ளை இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருந்தார். ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாங்கள் சந்திக்கக் கூடாது என்பது மாமியின், அதாவது அவருடைய அம்மாவின், கட்டளை. நான் வந்து சில வாரத்தில் மாமியும் வந்து இறங்கினா. பெட்டிக்குள் தாலிக்கொடி, கூறைச் சேலை, பஞ்சாங்கம், ஈரச் சாக்கில் சுற்றிய மாவிலை. மாவிலையை விமான நிலையத்திலேயே பறித்துவிட்டார்கள். இலை தழை ஒன்றும் இந்த நாட்டுக்குள் வரக் கூடாதாம். "மாவிலைக்குள்ளை என்ன குண்டே வைச்சிருக்கு?" என்று மாமி தமிழிலேயே கேட்டா. மாமி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவ. இங்கிலீஷ் முழுக்க விளங்கும், ஆனால் வாயைத் திறக்கமாட்டா. "அவைக்கு என்னோடை கதைக்க வேணுமெண்டால் தமிழைப் படிக்கட்டும்" என்பது அவவின் கொள்கை.

மாமி வைத்த நாள் ஆவணியின் கடைசி முகூர்த்தம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைத் தவறவிட்டால் புரட்டாதி வந்துவிடும், புரட்டாதியில் கல்யாணம் இல்லை. புரட்டாதி முடிவதற்குள் என் விசா முடிந்துவிடும். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். பதிவுக் கந்தோரில் போய்க் கையெழுத்துப் போட்டால் அரசாங்கத்துக்குப் போதும். மாமிக்குப் போதாது. "அக்கினி சாட்சியில்லாமல் தாலி என்ர பெட்டியை விட்டு வெளியிலை வராது" என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டா. உண்மையைச் சொன்னால் எனக்கும் போதாதுதான். நெருப்புக்கு முன்னால் அவர் கையால் தாலி ஏற வேண்டும் என்று எனக்கு ஆசையோ ஆசை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், மணவறையை எந்தப் பக்கம் வைப்பது என்று பார்க்க, நானும் அண்ணியும் அண்ணா வாடகைக்குப் பிடித்திருந்த மண்டபத்துக்குப் போனோம். அண்ணி கதவைத் தள்ளித் திறந்தா. திறந்தபடியே நின்றா. "சிவசிவா" என்றா.

உள்ளே ஒரு கப்பல். பஸ் நீளம் இருக்கும். பக்கவாட்டில் மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாகப் பூசி, சின்னச் சின்ன பீரங்கி வாய்களெல்லாம் வைத்து, மூன்று பாய்மரத்திலும் படுக்கை விரிப்பில் தைத்த பாய்களோடு, சில்லு வைத்த மேடை ஒன்றின் மேல் நின்றது. மண்டபத்தில் சுவர் ஓரமாகக் கதிரைகளைப் போட இடம் இருந்தது, அவ்வளவுதான். கப்பலைச் சுற்றி வயதான வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், செத்த வீட்டில் நிற்பது மாதிரி நின்றார்கள்.

அவர்களுக்குத் தலைவர்தான் அந்தப் படத்தில் இருக்கிற கிழவர். பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சரித்திரத்தில் பைத்தியமான நண்பர்கள் சேர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆசியாவோடு வியாபாரம் செய்த ஒரு பிரிட்டிஷ் கப்பலைச் சின்னதாக்கிக் கட்டியிருக்கிறார்கள். வசந்த கால ஊர்வலத்தில் லொறியால் இழுத்துக்கொண்டு போக வேண்டும், இவர்கள் மாலுமி வேஷத்தில் மேலே நின்று கை காட்ட வேண்டும். இதுதான் திட்டம். குளிர்காலம் முழுக்க மண்டபத்துக்குள் வைத்துக் கட்டி, அன்று காலையில் வெளியே தள்ளியிருக்கிறார்கள். முன்பக்கம் போனது. நடுப்பக்கம் போனது. பின்பக்கம் கதவில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. திரும்ப உள்ளே இழுத்துவிட்டார்கள்.

கதவை அளக்காமல் விட்டார்களா என்றால், அதெல்லாம் நன்றாக அளந்துதான் தொடங்கினார்கள். கப்பலின் உடம்பு கதவுக்குச் சரி. ஆனால் பின்பக்கத்தில் கப்டனின் அறைக்கு ஜன்னல் வரிசை வைக்கும்போது ஆசை வந்துவிட்டது. ஒருவர் ஒரு ஜன்னல் செய்தார். இன்னொருவர் அதற்குப் பூவேலை செய்தார். மற்றவர் அதை விட அழகாக ஒரு வளைவு வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. பிறகு ஒருவரும் கதவை அளக்கவில்லை.

விஷயம் விளங்கியதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் மொழி பார்க்காது. பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் அந்த மனுசனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "எங்கட மிளகு, எங்கட துணி எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போன கப்பல், இப்ப என்ர மணவறையையும் பிடிச்சுக்கொண்டு நிக்குதோ?" என்று கத்தினேன். அண்ணி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றா.

கிழவர் முழுவதையும் கேட்டுவிட்டு, நீ சொல்வது சரிதான், அது உங்கள் மிளகுதான் என்றார். பிறகு போய் மரம் அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பெண்ணின் கல்யாணத்தை விட ஊர்வலம் பெரிதில்லை, ஜன்னல் வரிசையை அறுத்து எடுத்துவிட்டால் நாளைக்கே வெளியே தள்ளலாம் என்றார். வாளை ஜன்னல் பூவேலையில் வைத்தார். வைத்தவர் இழுக்கவில்லை. அவருடைய நண்பர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குச் சீ என்று போய்விட்டது. எவ்வளவு கோபம் வந்தாலும் ஒரு மனுசன் தன் பிள்ளையின் காதை அறுக்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? "கொஞ்சம் பொறுங்கோ, தேத்தண்ணி ஏதும் இருக்கே?" என்று கேட்டுவிட்டேன். அண்ணி அதை இங்கிலீஷில் சொன்னா.

தேநீர் வந்தது. பாலை ஊற்றிக் கெடுத்த தேநீர். கப்பலின் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு கேட்டேன், இது என்ன அப்படிப் பெரிய கப்பல் என்று. அதைக் கேட்டிருக்கக் கூடாது. இருட்டும்வரை எழும்ப விடவில்லை.

உண்மைக் கப்பல் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஓக் மரத்தில் கட்டப்பட்டது. பெரிய வர்த்தகக் கும்பனி ஒன்று வாடகைக்குப் பிடித்து முதலில் மதராசுக்கு அனுப்பியது. போகும்போது இரும்பு, ஈயம், வைன், அதோடு மூட்டை மூட்டையாகக் கம்பளித் துணி. "மதராஸ் வெயிலுக்குக் கம்பளியோ?" என்று நான் சிரிக்க, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாங்க ஆளில்லாமல் அது வருஷக் கணக்காகக் கிடங்கில் கிடந்ததாம். மதராசில் அந்தக் காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, கயிற்றால் தைத்த படகுகளில் நம்முடைய ஆட்கள் அலையைத் தாண்டிப் போய்ச் சாமான் இறக்குவார்கள். பெரிய தொப்பி போட்ட துரைமார்கள் நனைந்த கோழிகளாய்க் கரை சேருவார்கள். திரும்பும்போது வெள்ளைத் துணி, சாயத் துணி, மிளகு, வெடியுப்பு.

பிறகு சீனத்துக்கு ஓட்டம். தேயிலை நனையக் கூடாது என்று கப்பலின் அடியில் பீங்கான் கோப்பைகளை அடுக்கி, அதன் மேல் தேயிலைப் பெட்டிகளை ஏற்றுவார்களாம். இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த மனுசனின் கை காற்றில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. ஒரு முறை வங்காள விரிகுடாவில் புயல் பிடித்து, நடுப் பாய்மரம் முறிந்து கடலோடு போய்விட்டது. கப்பல் நொண்டி நொண்டித் திருகோணமலைக்குள் நுழைந்தது. அங்கே காட்டில் மரம் வெட்டிப் புதுப் பாய்மரம் நட்டார்கள்.

"திருகோணமலையோ! என்ர சித்தப்பா அங்கைதான் தபால் கந்தோரிலை!" என்று கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

கிழவர் என்னை விடப் பெரிதாகச் சந்தோஷப்பட்டார். கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் நடுப் பாய்மரத்தைக் காட்டினார். மற்ற இரண்டும் வெளிறிய மஞ்சள். அது மட்டும் கருஞ்சிவப்பு. அந்தக் கப்பலில் அந்த ஒரு மரம் உங்கள் நாட்டு மரம், அதனால்தான் வேறு நிறம் பூசினேன் என்றார். கிளேட்டனில், ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஒருவரும் கேட்காமல், எங்கள் காட்டு மரத்துக்கென்று தனி நிறம் தேடிப் பூசியிருக்கிறார். என் கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. மிச்சப் பாதியை நான் விடவில்லை, நாளைக்குத் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசியில் கப்பல் சிட்னிக்கும் வந்திருக்கிறது. இங்கே வருகிறபோது கைதிகள், இங்கிருந்து வெறும் வயிற்றோடு சீனத்துக்குப் போய்த் தேயிலை. அது முடிந்து இன்னொரு தடவை மதராஸ். அந்தத் தடவைதான் கடைசி. கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றபோது, யாரோ ஒருவன் சாராயப் பீப்பாவைத் திறக்க மெழுகுதிரியோடு கீழே இறங்கியிருக்கிறான். ஆட்கள் எல்லோரும் படகில் தப்பிவிட்டார்கள். கப்பல் தண்ணீர் மட்டம்வரை எரிந்தது. எத்தனை புயலைத் தாண்டிய கப்பல், ஒரு மெழுகுதிரிக்குப் போய்விட்டது என்றார் கிழவர். நேற்று நடந்த சாவைச் சொல்லும் குரலில் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் மாமியைக் கூட்டிக்கொண்டு போனோம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அண்ணா வழி முழுக்கக் காலநிலையைப் பற்றிக் கதைத்தார். அவரும் அங்கே வந்திருந்தார், என் அவர். மாமியின் கட்டளைப்படி நான் கப்பலின் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். கீழே குனிந்தால் சில்லுகளுக்கு நடுவால் அவருடைய சப்பாத்து தெரிந்தது. நான் அடிக்கடி குனிந்தேன்.

மாமி கப்பலை ஒருமுறை சுற்றி வந்தா. ஜன்னல்களைப் பார்த்தா. கதவைப் பார்த்தா. கிழவரையும் அவர் கையில் இருந்த வாளையும் பார்த்தா. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணிப்படியால் மேல் தட்டுக்கு ஏறி, நடுவில் நின்று காலால் தட்தட்டென்று உதைத்துப் பார்த்தா. ஏழெட்டு ஆம்பிளைகள் நின்று கை காட்டக் கட்டியதல்லவா, அசையவில்லை.

"வெட்டவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கல்யாணம் இதிலைதான்" என்றா. "இவ்வளவு உயரத்திலை மணவறை ஊரிலையும் ஒருத்தருக்கும் கிடைக்காது. பின்னுக்கு இருக்கிறவைக்கும் தாலி கட்டுறது வடிவாத் தெரியும்."

எனக்கு அந்த இடத்திலேயே மாமியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நான் மொழிபெயர்த்ததும் கிழவர் வாளைப் போட்டுவிட்டுக் கை தட்டினார். நண்பர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குள் மாமி பாய்மரத்துக்கு முன்னால் ஓரிடத்தை விரலால் காட்டி, "ஓம குண்டம் இஞ்சை" என்றா. அதையும் மொழிபெயர்த்தேன். கை தட்டல் நின்றுவிட்டது.

நெருப்பா, என் கப்பலிலா என்று கேட்டார் கிழவர். வேறு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆணி அடியுங்கள், பூக் கட்டுங்கள், நெருப்பு மட்டும் கூடாது என்றார். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. உண்மையாகவே பயந்துபோயிருந்தார். நெருப்புக்கு வேறு இடமும் இல்லை. மண்டபத் தரை நடனத்துக்கென்று மெழுகு பூசி மினுக்கியது, அதில் தீக்குச்சி கூடக் கொளுத்தக் கூடாது என்று காவலாளி முதலே சொல்லிவிட்டார். வெளியே ஊசிக் காற்றும் மழையும்.

"நெருப்பில்லாட்டித் தாலியில்லை" என்றா மாமி.

நான் ஏணிப்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டேன். வெட்கம் மானம் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் பறந்து வந்து, கப்பலுக்கும் சமாதானம் சொல்லி, கடைசியில் ஒரு கை நெருப்புக்கு இடமில்லாமல் திரும்பிப் போவதா? யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பார்த்தால் அவர். மாமியின் கட்டளையை மீறிக்கொண்டு, கப்பலைச் சுற்றி வந்துவிட்டார்.

"அழாதையும்" என்றார். "நெருப்பை நான் எப்பிடியாவது கொண்டு வாறன்."

"எங்கையிருந்து? உம்மட மண்ணுக்குள்ளையிருந்தோ?" என்றேன் அழுகையோடேயே. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. அதுதான் நாங்கள் இரண்டு பேரும் தனியாகக் கதைத்த முதல் கதை.

மாமி எங்களைக் கண்டும் காணாதது போல் தட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தா. முன்பக்கம் பார்த்தா, பின்பக்கம் பார்த்தா, ஒரு மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தா. பிறகு நேரே கிழவருக்கு முன்னால் போய் நின்றா. அந்த நாட்டில் கால் வைத்த நாளிலிருந்து திறக்காத வாயைத் திறந்து, தெளிவான மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டா: "மாதக் கணக்காகக் கடலில் போனார்களே, என்ன சாப்பிட்டார்கள்?"

கிழவர் திகைத்துப் போனார். உப்புப் போட்ட மாட்டிறைச்சி, காய்ந்த பட்டாணி என்றார்.

"பச்சையாகவா?"

இல்லை, அவித்து என்றார்.

"எதில் அவித்தார்கள்?"

கிழவர் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமி என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்துவிட்டா. "முழுக்கத் தேடிப் பாத்திட்டன் பிள்ளை. கப்டனுக்கு எத்தனை ஜன்னல் வைச்சிருக்கினம், பார். குசினியைக் காணேல்லை! ஆம்பிளையள் கட்டின கப்பல்!"

நான் அதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டா. கிழவர் முதலில் சிவந்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அவ்வளவு பேர் சேர்ந்து, குளிர்காலம் முழுக்கக் கட்டி, அடுப்பை மறந்துபோனார்கள்! சிரித்து முடித்ததும் அவரே சொல்லத் தொடங்கினார். உண்மைக் கப்பலில் அடுப்பு இருந்தது. தகட்டின் மேல் மணல், மணலின் மேல் செங்கல், அதன் மேல் இரும்பு அடுப்பு. பக்கத்தில் எந்த நேரமும் வாளியோடு ஒரு ஆள். அந்த அடுப்பால் அந்தக் கப்பலுக்கு ஒருநாளும் ஒன்றும் ஆகவில்லை. எரித்தது கையில் கொண்டு திரிந்த மெழுகுதிரிதான். சொல்லிக்கொண்டு வரும்போதே அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அப்ப இண்டைக்குக் குசினியைக் கட்டட்டும், நாளைக்கு நான் நெருப்பு மூட்டுறன்" என்றா மாமி.

கட்டினார்கள். பின்னேரத்துக்குள் கட்டி முடித்தார்கள். தகடு ஒருவர் கொண்டு வந்தார். செங்கல்லைக் கிழவர் தன் வீட்டுப் பூப்பாத்தியின் ஓரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். மணல் ஒரு லொறிப் பெட்டியில் வந்தது. அதைக் கொட்டப் போகும்போது என்னவர் குறுக்கே போய், ஒரு பிடி அள்ளி விரலால் உரசி, மூக்கில் வைத்து மணந்து, தட்டிவிட்டு, "நல்ல மணல், உப்பில்லை" என்று சொன்னார். ஓமத்துக்கு உப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! ஆனால் அத்தனை கிழவர்களும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை கப்பலைப் பார்க்க வேண்டும். மாவிலைக்குப் பதிலாக யூகலிப்டஸ் இலையில் தோரணம் கட்டியிருந்தோம். மண்டபம் முழுக்கத் தடிமன் மருந்து மணத்தது. வந்தவர்களுக்கெல்லாம் மூக்கடைப்பு விட்டுப் போயிருக்கும். படுக்கை விரிப்புப் பாய்களில் அண்ணி காகிதப் பூச்சரம் தொங்கவிட்டிருந்தா. கிழவர்கள் எல்லோரும் ஊர்வலத்துக்குத் தைத்த மாலுமி உடுப்பில், மூன்று மூலைத் தொப்பியும் வெள்ளைக் காலுறையுமாக, நெருப்பு அணைக்க ஆளுக்கொரு மண் வாளியோடு தட்டைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். நான் கூறை உடுத்து அந்த ஏணியில் ஏறியபோது, ஒருவர் சீழ்க்கை ஊதினார். கப்பலுக்குப் பெரிய ஆட்கள் வந்தால் அப்படித்தான் ஊதுவார்களாம்.

ஐயருக்கு எங்கே போவது? பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிப்பித்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். சின்ன வயதில் மந்திரம் கற்றவர். "எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும்மா, மீதியை பகவான் பாத்துப்பார்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். குண்டத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர் தேடியது விறகை. நாங்கள் நெய் காய்ச்சினோம், தேங்காய் வாங்கினோம், விறகை மறந்துபோனோம். குசினியை மறந்தவர்களைப் பார்த்துச் சிரித்த நாங்கள்!

ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே கிழவருக்கு விளங்கிவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, முன்பக்க மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, இரண்டு கை நிறைய மரத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். கப்பல் கட்டும்போது மிஞ்சிய துண்டுகள், வர்ணம் படாத சுத்தமான மரம். அவற்றைத் தன் கையாலேயே குண்டத்தின் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கினார். "ஆமா, இது போதும், ரொம்ப நல்லாருக்கு" என்றார் கணக்கு ஐயர். நெருப்புப் பிடித்துக்கொண்டது. கிழவர் வாளியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நெருப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். பயம் போகவில்லை, எனக்குத் தெரியும். பயந்துகொண்டேதான் விறகு தந்தார்.

மேளத்துக்கு அண்ணா ஒரு டேப் ரெக்கோர்டர் வைத்திருந்தார். ஐயர் விரலைத் தூக்கிக் காட்டியதும் கெட்டிமேளம் முழங்க வேண்டும். விரல் எழும்பியது. டேப் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணா அதைப் போட்டுத் தட்டு தட்டென்று தட்ட, விரல் தனக்குத்தான் என்று நினைத்த கிழவர், தலைக்கு மேலே தொங்கிய கப்பல் மணியைப் பிடித்து அடி அடியென்று அடித்தார். மற்றக் கிழவர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்து ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், திருகோணமலைப் பாய்மரத்துக்குக் கீழே, அவர் என் கழுத்தில் தாலி கட்டினார். முடிச்சைப் போடுவதற்கு முதல் கொடியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வடையைப் பிடிச்ச மாதிரிப் பிடிக்காதையும், இறுக்கிக் கட்டும்" என்று நான் மெதுவாகச் சொன்னேன். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முதல் வந்ததில்லை. மாமி அட்சதை போடும்போது எனக்குப் போட எடுத்ததில் ஒரு பிடியை மிச்சம் வைத்துக் கப்பலுக்கும் போட்டதை நான் கண்டேன்.

எல்லோரும் சாப்பிட இறங்கிவிட்டார்கள். கிழவர் மட்டும் இறங்கவில்லை. ஓம நெருப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக அடங்க வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டா. நெருப்பு இருக்கும்வரை காவலை விட்டுப் போகக் கூடாது என்பது அவருடைய கப்பல் சட்டம். நான் தாலியும் மாலையுமாக ஒரு தட்டில் சோறும் வடையும் போட்டு ஏணியால் ஏறிப் போய்க் கொடுத்தேன். ஒரு கையில் வாளி, மறு கையில் வடை. கடித்துவிட்டு, இவ்வளவு ருசியான ஒன்றை இந்தக் கப்பல் முன்பு ஏற்றியதில்லை என்றார்.

அடுத்த வாரம் ஜன்னல் வரிசையை அவரே அறுத்தார். இந்த முறை கை நிற்கவில்லையாம். கப்பல் வெளியே போனது, ஊர்வலத்தில் போனது, நாங்களும் தெருவோரம் நின்று கை காட்டினோம். தட்டில் அடுப்பு அப்படியே இருந்தது. ஊர்வலம் முடிந்ததும் அந்த ஜன்னல் வரிசையைத் திரும்பப் பொருத்துவார்கள் என்றுதான் நினைத்தோம். ஒரு மாலை அதைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணப் பரிசாம்.

மாமி ஊருக்குத் திரும்பும் நேரம். பெட்டியை விட்டுவிட்டு எழுந்து வந்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. "சாமித் தட்டு வந்திட்டுது, சுவரிலை பூட்டுங்கோ" என்றா. கப்டனின் நடு ஜன்னலில் பிள்ளையாரை வைத்தா. இரண்டு பக்க ஜன்னலிலும் லட்சுமியையும் முருகனையும் வைத்து, பிள்ளையாருக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கை ஏற்றிவிட்டுத்தான் விமானம் ஏறினா.

தைப் பொங்கலுக்குக் கிழவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். உள்ளே வந்தவர் சாமித் தட்டைக் கண்டதும் நின்றுவிட்டார். அவர் செதுக்கிய பூவேலைக்கு நடுவில், கப்டனின் ஜன்னலுக்குள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி வெளியே நடந்தார். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எரிந்துபோன கப்பலின் ஜன்னலில் விளக்கு வைத்த என் புத்தியை என்ன சொல்வது என்று நான் என்னவரைத் திட்ட, அவர் என்னைப் பார்த்து முழிக்க, கிழவர் திரும்பி வந்தார்.

கையில் ஒரு சின்னத் தகர டப்பா. வீட்டுப் பாத்தியில் கொட்ட என்று காரில் வைத்திருந்த மணலை அதில் நிரப்பியிருந்தார். விளக்கை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினார். கீழே டப்பாவை வைத்து, மணலைத் தட்டிச் சமன் செய்து, அதன் மேல் விளக்கை நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்தார்.

இப்போது சரி, எரியட்டும் என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் வீடு மாறினோம், சிட்னியில் நார்த்மீட் வரைக்கும் வந்துவிட்டோம். மாமியும் இல்லை, கிழவரும் இல்லை. இன்றைக்குக் காலையிலும் அந்த ஜன்னலில் விளக்கு ஏற்றினேன். மணல் மாற்றுகிற வேலை என்னவருடையது. மாற்றும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து விரலால் உரசிப் பார்த்து, "நல்ல மணல், உப்பில்லை" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் கொட்டுவார்.